அன்ரி ஓம் சொல்லமாட்டார்

என் மகளுக்குப் பத்து மாதமானபோது, பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினேன். பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. பிரசவ விடுப்பை நீட்ட முடிந்த மட்டும் நீட்டியாகிவிட்டது. கிரெஷில், அதாவது அரசாங்கப் பிள்ளைக் காப்பகத்தில், இடம் இல்லை. மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு அன்ரி வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறார் என்று மரக்கறிக் கடையில் சொன்னார்கள். நான் எதையும் இரண்டு தரம் யோசிப்பவள். அந்த வாசலில் நின்று மூன்றாம் தரமும் யோசித்துவிட்டுத்தான் மணியை அழுத்தினேன்.

“அன்ரி, நீங்கள் பிள்ளை பாப்பியளோ?”

“பாக்கமாட்டன் எண்டு சொன்னனானே?”

கோபித்துவிட்டார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் அவரே என்னைத் தெருவில் மறித்தார்.

“நேற்று வந்து கேட்டுப்போட்டு ஓடிப்போட்டீர். பிள்ளையைக் கொண்டுவாறேல்லையோ?”

“நீங்கள் ஓம் எண்டு சொல்லேல்லையே, அன்ரி.”

“நான் ஓம் எண்டு சொன்னால்தான் உம்மடை பிள்ளை பால் குடிக்குமோ?”

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ‘ஆம்’ கிடையாது, ‘ஓம்’தான். பாரிசில் எங்கள் சனம் கூடுகிற லா சப்பல் மெத்ரோ ரயில் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் காது நிறைய ஓம் கேட்கலாம். சம்மதத்துக்கு ஓம், சலிப்புக்கு ஓம், போனில் ஊரிலிருந்து அக்கா அழும்போது ஓம் ஓம் ஓம். இத்தனை ஓமுக்கும் நடுவில் இந்த ஒரு மனுசி அந்தச் சொல்லைத் தொடாமல் வாழ்ந்தார். அவரோடு பழகிய அத்தனை வருடத்தில் ஒரேயொரு நாள்தான் அவர் வாயிலிருந்து அது வரக் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று இப்போதே பயமாக இருக்கிறது.

பிரெஞ்சில் ஓமுக்கு ‘வுய்’. பிரான்சில் அது இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. வெதுப்பகத்தில் பாண் வாங்கினாலும், “இவ்வளவுதானா, மதாம்?” என்று கேட்பார்கள். நாம் வுய் என்று சொன்னால்தான் மிச்சக்காசு வரும். அன்ரி தமிழில், “வேறை ஏதும் கேட்டனானோ?” என்பார். அந்த வெதுப்பகப் பெண் முதல் வருடம் முழித்தாள். அடுத்த வருடம் தலையாட்டினாள். பிறகு அன்ரியின் தலை தெரிந்தவுடனேயே கேள்வி கேட்காமல் பாணைச் சுற்றிக் கொடுக்கப் பழகிவிட்டாள்.

ஒரு முறை முழங்கால் நோவுக்காக மருத்துவரிடம் போனார். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

“நோகுதோ எண்டு கேக்கிறார், அன்ரி.”

“நோகாமல் இவ்வளவு படி ஏறி இஞ்சை வருவனோ எண்டு கேளும்.”

நான் மருத்துவரிடம் “வுய்” என்றேன். அன்ரி என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, நான் சொன்னது நீளம். நீர் சொன்னது ஏன் இவ்வளவு கட்டை?”

“கருத்து ஒண்டுதானே, அன்ரி.”

“நான் சொல்லாத வுய்யை என்ரை பேரிலை சொல்லாதையும்.”

அதன் பிறகு சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். வலி இல்லாவிட்டால் தான் ஏன் மாடி ஏறி வரப்போகிறேன் என்று மதாம் கேட்கிறார், மருத்துவரே. இரவில் தூக்கம் வராவிட்டால் அதற்குத் தர உங்களிடம் என்ன இருக்கிறது என்று மதாம் கேட்கிறார், மருத்துவரே. அவர் பேனையை வைத்துவிட்டு அன்ரியை மரியாதையோடு பார்த்தார். முதல் தடவையாக ஒரு நோயாளி தன்னைப் பரிசோதிப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

அன்ரியின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு படம் காந்தத்தில் ஒட்டியிருந்தது. வெள்ளைப் பள்ளிச் சட்டை, மீசை முளைக்கலாமா என்று யோசிக்கிற முகம். அது அவருடைய மகன். கணவர் முதலில் பாரிசுக்கு வந்து, பிறகு மனைவியைக் கூப்பிட்டார். மகனுக்கு அதற்குள் பதினெட்டு வயது தாண்டிவிட்டதால் இங்கே வரப் பத்திரம் கிடைக்கவில்லை, அவன் வன்னியில் நின்றுவிட்டான். 2009இல் யுத்தம் முடிந்து சனம் வெளியே வந்தபோது, முகாமில் வைத்து அவனைப் பிடித்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே இருக்கிறான். கணவர் அந்தச் செய்திக்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அன்ரி மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இங்கே இருந்தார். இவ்வளவும் லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் அவரிடம் கேட்பதில்லை. கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் கிடைக்கும்.

அந்தச் சட்டத்தைப் பற்றி நான் தேடி வாசித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நோயைப் பற்றி எல்லாம் வாசித்துவிட்டு இன்னும் பயப்படுகிறவள் நான். கொஞ்சக் காலத்துக்கு மட்டும் என்று தற்காலிகமாகக் கொண்டுவந்த சட்டம் அது. நான் பிறந்தபோது அது எழுந்து ஓடித்திரிந்தது. நான் கலியாணம் முடித்தபோது அதற்கு நடுத்தர வயது. சட்டத்தின் எழுத்தில் தமிழர் என்ற சொல்லே கிடையாது. நாட்டில் எல்லோருக்கும் பொதுவான சட்டம் என்றுதான் வாசிக்கிறவருக்குத் தோன்றும். அதில் பிடிபட்டவர்களின் பெயர்களை வாசிக்கும்போதுதான், இவ்வளவு பொதுவான சட்டம் எப்படி இவ்வளவு சரியாக எங்கள் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டு இலக்கம் கண்டுபிடித்தது என்று வியப்பாக இருக்கும்.

பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் சட்ட நீக்கத்துக்கென்று ஒரு குழு நடத்தினார். ஊரில் ஆட்சி மாறி, புது அரசாங்கம் அந்தச் சட்டத்தை எடுப்போம் என்று சொன்ன அன்று அவர் கடை வாசலில் தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ் வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். நானும் அன்ரியும் என் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தோம்.

“எடுங்கோ அக்கா, எடுங்கோ! சட்டத்தை எடுக்கிறாங்கள்!”

“எடுத்திட்டாங்களோ?”

“எடுக்கப் போறாங்கள்.”

“அப்ப உதை மூடி வையும், தம்பி. எடுத்தாப்பிறகு வந்து தின்னுறன்.”

நான் ஏற்கெனவே ஒன்றைக் கடித்துவிட்டிருந்தேன். விழுங்குவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

இப்படியே என் மகள் வளர்ந்து மத்தர்னல் என்கிற பாலர் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். காலையில் நான் அவளை அன்ரியிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவேன். அன்ரி பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் கூட்டிவருவார். ஒரு நாள் மெத்ரெஸ், அவளுடைய வகுப்பு ஆசிரியை, என்னை வரச் சொல்லிக் குறிப்பு அனுப்பினார். அந்த ‘வரவும்’ என்ற சொல்லை நாலு தரம் வாசித்தேன்.

வகுப்பில் ஒரு தங்கமீன் தொட்டி இருந்தது. அதில் யாரோ தீன் பைக்கற்றை முழுதாகக் கொட்டிவிட்டார்கள். மீன் பிழைத்துவிட்டது, ஆனால் விசாரணை நடந்தது. என் மகள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாளாம்.

“நீதானே செய்தாய் என்று கேட்டேன், மதாம். ‘யார் சொன்னது?’ என்றாள். உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்றேன். ‘தண்டனை இல்லையென்றால் ஏன் கேட்கிறீர்கள்?’ என்றாள். மதாம், உங்கள் மகளுக்கு நாலு வயது. அவள் என்னிடம் சாட்சி கேட்கிறாள்.”

மெத்ரெஸ் நல்லவர். உளவியலாளர் ஒருவரைப் பார்க்கலாம் என்று மிக மெதுவாகச் சொன்னார். வீட்டில் யாராவது வக்கீலா என்றும் கேட்டார்.

அன்றிரவு படுக்கையில் மகளிடம் நானும் கேட்டேன். “அம்மாட்டை சொல்லு, செல்லம். நீயோ மீனுக்குத் தீன் போட்டது?” அவள் போர்வைக்குள்ளிருந்து, “ஆர் சொன்னது?” என்றாள். என்னிடமும். நான் பெற்ற பிள்ளை என்னையும் எதிர்த்தரப்பில் வைத்துவிட்டது. பொய்காரியாக வளரப்போகிறாள், பிறகு களவு, பிறகு போதை, பிறகு என்று என் யோசனை விடியும் வரைக்கும் போனது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அன்ரியின் குசினிக்குள் போனேன். அவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் நிலத்தில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

“அன்ரி, பிள்ளைக்கு என்ன பழக்கி வைச்சிருக்கிறியள்? பிழை செய்தால் ஓம் எண்டு ஒத்துக்கொள்ளத்தானே நாங்கள் பழக்கவேணும்?”

“மீனுக்கு இவள் தீன் கொட்டினதை நீர் கண்டனீரோ?”

“இல்லை.”

“மெத்ரெஸ் கண்டவவோ?”

“இல்லை, ஆனால்...”

“அப்ப ஆருக்கு ஓம் வேணும்? மீனுக்கோ?”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்ணீர்தான் முதலில் வரும். அதைக் கண்டோ என்னவோ, அவர் கத்தியை வைத்தார்.

“அடிச்சால்தான், பிள்ளை, ஓம் வரும். ஒருத்தரும் அடிக்காத இடத்திலை ஏன் அவசரப்பட்டு ஓம் சொல்லுவான்?”

“அடிச்சால்தான் ஓம் வரும், அடிச்சால்தான் ஓம் வரும்,” என்று மகள் தரையிலிருந்து பள்ளிக்கூடப் பாட்டுப்போலப் பாடினாள்.

அப்போதுதான் அன்ரி சொன்னார். எனக்குச் சொல்வதுபோல அல்ல, கத்தரிக்காய்க்குச் சொல்வதுபோல.

“என்ரை பெடியன் ஓம் எண்டு சொன்னவன். முதல் சொல்லேல்லையாம். பிறகு சொன்னவன்.”

“எதுக்கு, அன்ரி?”

“எதுக்கெண்டு அப்ப அவனுக்குத் தெரியுமோ? சிங்களத்திலை எழுதியிருந்தது. அவனுக்கு அந்த எழுத்துத் தெரியாது. ஓம் எண்டு சொல்லிக் கையெழுத்தும் வைச்சான். தான் செய்தது என்ன எண்டு, கோட்டிலை நீதவான் வாசிச்சபோதுதான் அவனுக்குத் தெரியவந்தது.”

அவன் போகாத ஒரு ஊரில், காணாத ஒரு ஆளிடம், ஒரு பொதியை வாங்கியிருந்தான். அவனுடைய கையெழுத்து அதைச் சொன்னது. சாதாரண சட்டப்படி, பொலிசுக்குச் சொன்ன ஒப்புதலை எங்கள் நாட்டு நீதிமன்றம் ஏற்காது. திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அந்த வசதி உண்டு. இந்தச் சட்டத்தில் மட்டும், கேட்டவர் ஓரளவு பெரிய அதிகாரியாக இருந்துவிட்டால் சொன்னது சாட்சி. அடித்துச் சொல்லவைத்தார்கள் என்றால், அதை அடி வாங்கியவன்தான் நிரூபிக்கவேண்டும். அடித்தவருக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உளவியலாளரிடம் போகவில்லை. அது சரியா பிழையா என்று இன்றும் யோசிப்பதுண்டு. மீனுக்குத் தீன் கொட்டியது யார் என்பதும் இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் நகைக்கடை அண்ணையின் குழு ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைச் சபைக்குப் போக ஆயத்தமானது. சட்டத்தை நீக்கச் சொல்லி உலகத்திடம் கேட்கவேண்டும், அதற்குப் பாதிக்கப்பட்ட தாயின் வாக்குமூலம் ஒன்று வேண்டும். லா சப்பலில் அவர் கைக்கெட்டிய தாய் அன்ரிதான். ஒரு சனிக்கிழமை, குங்குமப்பூப் போட்ட கேசரியும் ஒரு கடதாசியுமாக வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“அக்கா, நீங்கள்தான் எங்கடை முதல் கையெழுத்து. இஞ்சை வையுங்கோ. நான் போனிலை ஒரு படம் எடுக்கிறன்.”

கடதாசி பிரெஞ்சில் இருந்தது. அன்ரிக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அவர் அதை என் பக்கம் தள்ளினார். “வாசியும் பிள்ளை. ஒண்டும் விடாமல் வாசியும்.”

நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். கீழே கையொப்பமிடும் தாயாகிய நான், என் மகனை முகாமில் வைத்து அடித்ததை என் இரண்டு கண்ணாலும் கண்டேன்... அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

“அண்ணை, அன்ரி அப்ப பாரிசிலையெல்லோ இருந்தவ?”

“தங்கச்சி, உங்களை வாசிக்கச் சொன்னது. விசாரிக்கச் சொல்லேல்லை.”

அன்ரி அவரைப் பார்த்தார். “நான் கண்டனானோ, தம்பி?”

“கண்ட மாதிரித்தானே, அக்கா. பெத்த மனம் காணாதோ?”

“பிள்ளை, உதிலை மனம் கண்டதெண்டு எழுதியிருக்கோ, கண் கண்டதெண்டு எழுதியிருக்கோ?”

நான் திரும்பவும் பார்த்தேன். “கண், அன்ரி.”

“கண் எண்டு போட்டால்தான் அங்கை எடுபடும்,” என்றார் நகைக்கடை அண்ணை. “எல்லாம் பெடியன்ரை நன்மைக்குத்தானே. சும்மா ஒரு கையெழுத்து. ஓம் எண்டு சொல்லுங்கோ, அக்கா, காரியம் முடிஞ்சுது.”

“அவனுக்கும் உப்பிடித்தானாம் சொன்னவை,” என்றார் அன்ரி.

கேசரியை மேசையில் விட்டுவிட்டு, கடதாசியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் போனார். அடுத்த கிழமைக்குள் லா சப்பல் முழுக்கக் கதை பரவிவிட்டது. பெற்ற பிள்ளை உள்ளே கிடக்க, சட்டம் வேண்டும் என்று நிற்கிறாவாம். அரசாங்கத்தின் ஆளாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏன் கையெழுத்து வைக்கமாட்டா? அன்ரியிடம் பிள்ளை விட்ட மற்ற இரண்டு தாய்மாரும், கிரெஷில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். லா சப்பலில் ஒரே கிழமையில் இரண்டு கிரெஷ் இடம் காலியான அதிசயம் அப்போதுதான் நடந்தது. நான் மகளைத் தொடர்ந்து விட்டேன். துணிச்சல் என்று சொல்லமாட்டேன். எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. தெருவில் யாராவது எதிரே வந்தால் அன்ரியோடு நடக்கிற வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன், பிறகு வெட்கப்பட்டுக் கூட்டுவேன்.

பிறகு குழு விசாரணை வைத்தது. நகைக்கடை அண்ணை போனில் கூப்பிட்டார். அன்ரி ஒலிபெருக்கியில் போட்டார், நான் பக்கத்தில் இருந்தேன்.

“அக்கா, உங்களைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்திருக்கு.”

“ஆர் குடுத்தது?”

“அது சொல்லேலாது.”

“என்னெண்டு குடுத்தது?”

“அது விசாரணைக்குப் பிறகுதான் சொல்லலாம்.”

“எவ்வளவு காலம் விசாரிப்பியள்?”

“தேவைப்படுற மட்டும்.”

சட்டத்தை நீக்கப் புறப்பட்டவர்கள் அதை எவ்வளவு ஊன்றிப் படித்திருக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

“இல்லாட்டி, பிழை விட்டிட்டன் எண்டு நாலு வரி எழுதித் தாங்கோ, அக்கா. இதோடை முடிச்சுக்கொள்ளுவம்.”

“நான் ஏன் எழுதுவான்? நீர் எழுதியே வைச்சிருப்பீரே, தம்பி.”

அந்தப் பக்கம் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. எழுதித்தான் வைத்திருந்தார் போலும்.

இதற்கிடையில் ஊரில் சட்டத்தை எடுக்கிற வேலை நடந்துகொண்டே இருந்தது. எடுப்பதற்கு ஒரு குழு போட்டார்கள். அது அறிக்கை தந்தது. அறிக்கையை ஆராய வேறொரு குழு போட்டார்கள். எடுத்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பதற்காக அதே இடத்தில் வைக்க ஒரு புதுச் சட்டத்தின் வரைபு தயாரானது. வாசித்துப் பார்த்தேன். பழையதன் பெயரில் ‘தடை’ என்றிருந்தது, இதன் பெயரில் ‘எதிர்ப்பு’ என்றிருந்தது. பழையதை விடப் பக்கங்கள் கூட.

அப்படியொரு நாளில்தான் கொழும்பிலிருந்து மகனின் சட்டத்தரணி அன்ரியைக் கூப்பிட்டார். ஒரு வழி இருக்கிறது என்றார். குற்றத்தைச் செய்தேன் என்று மன்றில் ஒத்துக்கொண்டால், இருந்த வருடங்களைக் கணக்கில் எடுப்பார்கள். கொஞ்சக் காலம் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம், பிறகு வீடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு நடக்கும். தவணைக்கு மேல் தவணை போகும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. சட்டம் நீங்கினால் அந்த ஒப்புதல் கடதாசியும் செல்லாமல் போகும், அப்போது குற்றமற்றவனாக வரலாம்.

“சட்டம் எப்ப நீங்கும்?” என்று கேட்டார் அன்ரி.

“அம்மா, எனக்கு முடியெல்லாம் நரைச்சுப்போச்சு,” என்றார் சட்டத்தரணி.

லா சப்பலில் எதுவும் ஒளிந்திருக்காது. அன்று மாலையே நகைக்கடை அண்ணை வந்தார். விசாரணை என்னவாயிற்று என்று அவர் சொல்லவில்லை, கையில் மாம்பழப் பெட்டி இருந்தது.

“அக்கா, அவசரப்படாதேங்கோ. பெடியன் ஒத்துக்கொள்ளக்கூடாது. சட்டம் போகப்போகுது. இவ்வளவு காலம் இருந்தவன், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். அவன் செய்தனான் எண்டு சொன்னால் எங்கடை வாதம் என்னாகிறது? எங்களிட்டை இருக்கிற பலமான வழக்கே அவன்ரைதான்.”

“அப்ப ஒண்டு செய்வம், தம்பி,” என்றார் அன்ரி. “நீர் உள்ளுக்கை போய் இரும். அவன் இஞ்சை வந்து உமக்காகக் கையெழுத்துச் சேர்க்கட்டும்.”

மாம்பழப் பெட்டி அவரோடேயே திரும்பிப் போய்விட்டது.

படம் பார்த்தால் முடிவை முதலே கேட்டுவிட்டுப் பார்ப்பவள் நான். அதனால் இங்கேயும் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவன் வெளியே வந்தான். செய்யாத ஒன்றைச் செய்து, திருந்தி, புனர்வாழ்வு பெற்றவனாக வந்தான். சட்டம் வேலை செய்கிறது என்பதற்கு அவனும் ஒரு அத்தாட்சியாகக் கணக்கில் ஏறியிருப்பான். அகதிப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போக முடியாததால், அன்ரி அவனைத் திருச்சிக்கு வரவழைத்து, தானும் போய் அவனோடு அங்கேயே நின்றுவிட்டார். சட்டம் இதை எழுதும்போதும் இருக்கிறது. அதை எடுக்கப் போகிறார்கள். நகைக்கடை வாசலில் இப்போதும் இடைக்கிடை ரோல்ஸ் கொடுக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் காலையைப் பற்றி.

வழக்கம்போல மகளை விட்டுவிட்டு ஓடப்போனேன். அன்ரி, “கொஞ்சம் நில்லும்,” என்றார். அவர் அப்படிக் கேட்டதேயில்லை. அன்று ஊரில் மகனின் வழக்குக்கு மன்று கூடுகிற நாள். சட்டத்தரணி தாழ்வாரத்தில் வைத்துத் தன் போனில் மகனோடு ஒரு நிமிடம் கதைக்க ஒழுங்கு செய்திருந்தார். மகள் மேசையில் பாணுக்கு ஜாம் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்ரி போனை ஜாம் போத்தலில் சாய்த்து வைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

“அம்மா, சுகமோ?”

குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பையனின் குரல் அல்ல அது. ஒரு நடுத்தர வயது மனிதனின் குரல்.

“சுகமில்லாமல் போனை எடுப்பனோ?”

அவன் சிரித்தான். இந்தப் பதிலுக்காகவே கேட்டவன்போலச் சிரித்தான். பிறகு அவசரமாகக் கதைத்தான்.

“அம்மா, இப்ப உள்ளுக்கை கூப்பிட்டுக் கேப்பினம். செய்தனீரோ எண்டு. என்ன சொல்ல?”

அன்ரி மேசையில் கிடந்த பாண் துகள்களைக் கையால் கூட்டினார்.

“நீங்கள் வேண்டாமெண்டால் நான் சொல்லமாட்டன். இருப்பன். எனக்குப் பழகிப்போச்சு.”

பின்னால் யாரோ சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். அன்ரி என்னைப் பார்த்தார். எந்த விஷயத்திலும் இரண்டு அபிப்பிராயம் வைத்திருக்கிற எனக்கு அன்று ஒன்றுகூட வரவில்லை. அவர் எழும்பிப் போய், எரியாமல் கிடந்த அடுப்பின் திருகை ஒரு முறை மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அம்மா? சொல்லட்டோ?”

“ஓம்,” என்றார் அன்ரி.

மிகச் சின்னதாக வந்தது. அவனுக்குக் கேட்கவில்லை.

“என்னம்மா?”

“ஓம். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா.”

போன் அணைந்தது. திரை கறுப்பானதும் அதில் குசினி விளக்கு தெரிந்தது. நான் வேலைக்குப் பிந்திவிட்டேன், ஆனாலும் போகவில்லை. மகள் பாணைக் கீழே வைத்துவிட்டு அன்ரியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவள் ஒன்றரை வருடத்துக்கு முன் இதே குசினித் தரையில் பாடிய பாட்டை மறக்கவில்லை.

“அன்ரி, உங்களுக்கு ஆர் அடிச்சது?”

நான் “சும்மா இரு” என்று சொல்ல வாயெடுத்தேன். அன்ரி கையால் தடுத்தார். ஈரத் துணி எடுத்து அவள் வாயிலிருந்த ஜாமைத் துடைத்தார். குளிர்ச்சட்டையை மாட்டி, கடைசிப் பொத்தான் வரைக்கும் பூட்டினார். பள்ளிக்கூடப் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“அடிச்சதெண்டு நான் சொன்னனானே?” என்று கேட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.